காணாமல் போன நாயைக் கண்டுபிடிப்பது எப்படி?

தூரத்தில் ஓடாதீர்கள், பக்கத்தில் தேடுங்கள்!

தீபாவளி இரவு. மணி பத்தரை. தாராவி 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சரவெடி வெடிக்கிறது. சத்தம் ஓய்ந்து புகை கலைகிறது. பார்த்தால், வாசலில் சங்கிலி மட்டும் கிடக்கிறது. கழுத்துப் பட்டை அறுந்துவிட்டது. நாயைக் காணோம்!

"அப்பா, வீராவைக் காணோம்!" என்று பையன் அழுகிறான்.

அப்பா கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. "எங்கே போயிரும்? காலையிலே தானா வந்துரும். நீ போய்ப் படுலே" என்கிறார்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சொல்கிறாள். அவர்கள் "வீரா! வீரா!" என்று கத்திக்கொண்டு சயான் பக்கமாக ஓடுகிறார்கள். நள்ளிரவு வரை ஓடியும் பலன் இல்லை.

இது குறிப்பிட்ட ஒரு வீட்டில் நடந்த சம்பவம் அல்ல. ஆனால், நாய் வளர்க்கும் எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது. இந்த வீட்டில் இரண்டு தவறுகள் நடந்துவிட்டன. காத்திருக்க நினைத்தது ஒன்று. கூட்டமாகக் கத்திக்கொண்டு தூரத்துக்கு ஓடியது இன்னொன்று.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும்?

ஏன் ஓடுகிறது?

முதலில் நாயின் மனதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு நாய் எஜமானரை வெறுத்து ஓடுவதில்லை. பெரும்பாலும் பயந்துதான் ஓடுகிறது.

மனிதனின் காது அதிகமாகப் போனால் வினாடிக்கு 20 ஆயிரம் அதிர்வுகள் வரை கேட்கும். நாயின் காதோ சுமார் 45 ஆயிரம் வரை கேட்கும். நமக்கே காது அடைக்கும் வெடிச் சத்தம் நாய்க்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தீபாவளி வெடி, கணபதி ஊர்வலத்து மேளம், மழைக்கால இடி ஆகிய மூன்றும் மும்பையில் வீட்டு நாய்களுக்குக் கண்டங்கள்.

பயந்த நாய் சிறிது தூரம் கண்மண் தெரியாமல் ஓடும். பிறகு இருட்டான, குறுகலான ஓர் இடத்தில் பதுங்கிக்கொள்ளும். அங்கிருந்து எஜமானர் கூப்பிட்டால்கூடக் குரைக்காது. வாலைக் கூட ஆட்டாது. சத்தம் போட்டால் ஆபத்து என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

"கூப்பிட்டோம், பதில் இல்லை. ஆகவே இங்கே இல்லை" என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் பிசகு.

எங்கே கிடைக்கிறது?

2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விசாரித்து எடுத்த கணக்கு அது. காணாமல் போன நாய்களில் 100க்கு 93 திரும்பக் கிடைத்துவிட்டன. அவற்றில் ஏறக்குறைய பாதி, அதாவது 100க்கு 49, அக்கம்பக்கத்தில் தேடியதால் கிடைத்தவை. 20 தானாகவே வீடு திரும்பியவை. 15 கழுத்து அடையாளச் சீட்டு போன்றவற்றால் கிடைத்தவை.

அமெரிக்காவின் தெரு வேறு, தாராவியின் சந்து வேறுதான். இங்கே நெரிசல் அதிகம், தெருநாய்களும் அதிகம். ஆனாலும் பாடம் ஒன்றே. தானாக வரும் என்று காத்திருந்தவர்களைவிட, இறங்கித் தேடியவர்களுக்கே அதிகம் கிடைத்திருக்கிறது. அதுவும் பக்கத்திலேயே!

முதல் இரண்டு மணி நேரம்

நாய் போனது தெரிந்த உடனே ஒருவர் வீட்டு வாசலில் இருக்க வேண்டும். கதவு திறந்தே இருக்கட்டும். நாய் தானாக வந்து, கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போய்விடக் கூடாது.

மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, வீட்டைச் சுற்றி வளையம் வளையமாகத் தேட வேண்டும். முதலில் நம்முடைய சால். பிறகு அடுத்த சால். அதன்பிறகுதான் சாலை.

நிற்கும் டெம்போக்களின் அடியில் டார்ச்சு அடித்துப் பாருங்கள். இருட்டில் நாயின் உடம்பு தெரியாவிட்டாலும் கண்கள் பளிச்சென்று மின்னும். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய தகரம், பிளாஸ்டிக் மூட்டைகள் அடுக்கிய கிடங்குகளின் இடுக்கில், கட்டுமான வேலை நடக்கும் இடத்தில், திறந்து கிடக்கும் சாக்கடையில் பாருங்கள். பகலில் பட்டறை திறந்திருக்கும்போது உள்ளே புகுந்த நாய், இரவில் பூட்டப்பட்டு உள்ளேயே அகப்பட்டிருப்பதும் உண்டு. ஆகவே பூட்டிய ஷட்டர்களின் அடியிலும் காது வைத்துக் கேளுங்கள்.

குட்டி நாயும் கிழட்டு நாயும் பொதுவாக அதிக தூரம் போகா. எல்லோரிடமும் ஒட்டிக்கொள்ளும் நாய், சோறு போடுகிறவர் வாசலில் படுத்திருக்கும். கூச்சமுள்ள நாய்தான் பதுங்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களை ஊரிலிருந்து கொண்டுவந்து வளர்ப்பவர்கள் மட்டும் வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டத்திற்கென்றே பிறந்த ஜாதிகள் அவை!

யாரைக் கேட்பது?

தெருவின் கணக்கு தெருவில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். விடியற்காலைப் பால்காரர், பேப்பர் போடும் பையன், இரவு வாச்மேன், குப்பை அள்ளும் மாநகராட்சித் தொழிலாளி, டீக்கடைக்காரர், இறைச்சிக் கடைக்காரர், மீன் விற்கும் அம்மாள் ஆகிய ஏழு பேரைக் கேட்டால் பாதித் தேடல் முடிந்தது. சயானுக்குத் தெற்கே என்றால் டாக்சி ஸ்டாண்டு, வடக்கே என்றால் ஆட்டோ ஸ்டாண்டு. தினமும் தெருநாய்களுக்குச் சோறு வைப்பவர் ஒருவர் அநேகமாக எல்லாப் பேட்டையிலும் இருப்பார். புதிதாக ஒரு நாய் வந்தால் முதலில் கவனிப்பவர் அவரே.

மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

மராத்தியில்: "ஆம்சா குத்ரா ஹரவ்லா ஆஹே. தும்ஹி பாஹிலா கா?" எங்கள் நாய் காணாமல் போய்விட்டது, நீங்கள் பார்த்தீர்களா என்று பொருள்.

இந்தியில்: "உஸ்கே பீச்சே மத் பாகியே, பஸ் ஃபோன் கீஜியே." அதன் பின்னால் ஓடாதீர்கள், போன் மட்டும் செய்யுங்கள் என்று பொருள்.

இரண்டாவது வாக்கியம் மிகவும் முக்கியம். உதவி செய்ய நினைக்கும் நல்லவர்களே நாயைத் துரத்தித் துரத்தி வேறு பேட்டைக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தமிழ் வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெரிந்த பாஷை தமிழ் மட்டுமே! "ஆவோ, ஆவோ" என்று ஊரே கூப்பிட்டாலும் அது வராது. "வாலே, சாப்பிடுதியா?" என்று வீட்டுக்காரர் சொல்லும் வார்த்தைதான் அதற்குப் புரியும். ஆகவே கண்டால் தகவல் சொல்வது மற்றவர்கள் வேலை. கூப்பிடுவது வீட்டுக்காரர் வேலை.

கருவாட்டு வாசனை

நாயின் கண்ணைவிட மூக்கு பெரிது. ஆகவே கடைசியாக அது நின்ற இடத்தில், வீட்டில் உடுத்தித் துவைக்காத ஒரு சட்டையையோ, அது படுத்திருந்த சாக்கையோ போட்டு வையுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் இருக்கட்டும்.

நெத்திலிக் கருவாடு வறுத்தால் தெருவே மணக்கும் அல்லவா? அது பதுங்கிக் கிடக்கும் பசித்த நாய்க்கும் எட்டும். ஆனால், கருவாட்டைப் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. தெருநாய்கள் கூடிச் சண்டை வந்து, நம் நாய் இன்னும் தூரம் போய்விடும். கையில் வைத்துக்கொண்டு அங்கேயே இருக்க வேண்டும்.

தேடுவதற்கு மிகச் சிறந்த நேரம், நள்ளிரவுக்குப் பிறகு கடைசி லோக்கல் ஓய்ந்து, மறுநாள் முதல் லோக்கல் புறப்படும் வரை உள்ள இடைவேளை. மும்பை கொஞ்சமாவது அமைதியாக இருப்பது அப்போதுதான். பதுங்கிய நாய் வெளியே தலைநீட்டுவதும் அப்போதுதான்.

கண்டால் என்ன செய்வது?

ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள்! அது உங்கள் சொந்த நாயாகவே இருந்தாலும் பயத்தில் இருக்கும்போது அடையாளம் தெரியாமல் ஓடிவிடும், கடிக்கவும் கூடும்.

தூரத்திலேயே நின்று, பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள். வீட்டில் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் பேசுங்கள். தீனியைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். அரை மணி ஆனாலும் சரி, ஒரு மணி ஆனாலும் சரி, அதுவாகவே வரட்டும். வந்து முகர்ந்த பிறகு மெதுவாகப் பட்டையை மாட்டுங்கள். முதல் வார்த்தையாகத் திட்டாதீர்கள். அடி மட்டும் வேண்டவே வேண்டாம். அடி வாங்கிய நாய் அடுத்த முறை வராது.

நோட்டீசு

மறுநாள் காலை வரை கிடைக்காவிட்டால் நோட்டீசு அடிக்க வேண்டும். மராத்தி, இந்தி, ஆங்கிலம், தமிழ் ஆகிய நான்கிலும் இருப்பது நல்லது. பெரிய எழுத்தில் "நாய் காணவில்லை", முழு உருவம் தெரியும் ஒரு படம், நிறம், உயரம், காணாமல் போன இடமும் நேரமும், போன் நம்பர் ஆகிய இவ்வளவே போதும். நாயின் குணத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டாம்.

பொதுச் சுவர்களில் அனுமதியின்றி ஒட்டுவது மகாராஷ்டிரத்தில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே பான் கடை, மருந்துக் கடை, இட்லிக் கடை, கால்நடை மருத்துவர் ஆகியோரிடம் கேட்டு அவர்கள் கடையில் ஒட்டுங்கள். குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் அதையே அனுப்பலாம்.

ஓர் அடையாளத்தை மட்டும் நோட்டீசில் போடாமல் மறைத்து வையுங்கள். இடது முன்காலில் ஒரு வெள்ளை விரல், வயிற்றில் ஒரு தழும்பு என்று ஏதாவது இருக்கும். "நாய் என்னிடம் இருக்கிறது, முதலில் பணம் அனுப்பு" என்று போனில் மிரட்டுகிறவனிடம் அந்த அடையாளத்தைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அவன் மோசடிக்காரன். நாயைக் கண்ணால் பார்க்கும் முன் ஒரு பைசாவும் அனுப்ப வேண்டாம்.

போலீஸ் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து, அதற்கு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வேறு ஒருவர் "இது என் நாய்" என்று சொந்தம் கொண்டாடினால் அந்தக் காகிதம் பேசும். தடுப்பூசி அட்டையும் பழைய படங்களும்கூடச் சாட்சிதான்.

வண்டி பிடித்துப் போயிருந்தால்?

நாய் பிடிக்கும் வண்டி என்றதும் பலருக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு காலத்தில் அது நியாயமான பயம்தான்.

1832ஆம் ஆண்டில், இதே ஊரில் தெருநாயைக் கொன்றால் தலைக்கு எட்டணா என்று வெள்ளைக்கார அதிகாரிகள் வைத்திருந்தார்கள். எட்டணாவுக்கு ஆசைப்பட்டு வீட்டு நாய்களையும் இழுத்துப் போனார்கள் என்று புகார் எழுந்தது. நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் அந்த ஜூன் மாதம் கலகம் செய்தார்கள். கடைகள் அடைக்கப்பட்டன, பட்டாளம் வந்தது. காணாமல் போன நாய்க்காக ஊரே கொதித்த சரித்திரம் மும்பைக்கு உண்டு!

பிற்காலத்திலும் 1990களின் நடுப்பகுதி வரை, பிடிபட்ட தெருநாய்கள் கொல்லப்பட்டே வந்தன. இப்போது சட்டம் வேறு. 2001ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும், அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகளும் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இருக்கும்.

கழுத்துப் பட்டை இல்லாத வீட்டு நாயைத் தெருநாய் என்று நினைத்துப் பிடித்துப் போக வாய்ப்பு உண்டு. ஆகவே தயங்காமல் மாநகராட்சி வார்டு ஆபீசில் விசாரியுங்கள். தாராவிக்கு ஜி வடக்கு வார்டு. சயான், மாட்டுங்கா, வடாலா, அண்டாப் ஹில்லுக்கு எஃப் வடக்கு வார்டு. போனில் விவரம் சொன்னால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். "பழுப்பு நிற நாய்" என்றால் பிடிபட்ட நாய்களில் பாதி பழுப்புதான். நேரில் போய்ப் பார்ப்பதே உத்தமம்.

ரயில் நிலையம், பஸ் டெப்போ, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் அருகில் தொலைந்த நாய்க்கு அவசரம் இன்னும் அதிகம். இப்படிப்பட்ட இடங்களில் பிடிக்கும் தெருநாய்களைத் திரும்ப அங்கேயே விடாமல் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடிபட்ட நாயை யாராவது பரேல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கவும் கூடும். 1883ல் தொடங்கப்பட்ட பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரிதான் அது. அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சாலையில் இறந்த பிராணிகளை அப்புறப்படுத்தும் தொழிலாளிகளிடமும் கேட்டுவிடுங்கள். வாராவாரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட உண்மை தெரிவது மேல்.

ஊருக்குப் போகும்போது

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் திருநெல்வேலிக்கும் விழுப்புரத்துக்கும் ரயிலேறுகிறவர்கள், நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போவது வழக்கம். ஆள் இல்லாத வீட்டைத் தேடி நாய் ஓடுவது இப்படிப்பட்ட சமயங்களில்தான். எஜமானரோ ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பார்!

ஆகவே போவதற்கு ஒரு வாரம் முன்பே அந்த வீட்டில் சில மணி நேரம் விட்டுப் பழக்குங்கள். உடுத்திய துணி ஒன்றையும், நாயின் சாக்கையும், தடுப்பூசி அட்டையையும் கொடுத்துவிட்டுப் போங்கள். நாய் தப்பிவிட்டது என்று தகவல் வந்தால் அது முதலில் தேடிப் போவது பூட்டிய உங்கள் வாசலாகவே இருக்கலாம். அங்கே ஓர் ஆளை உட்காரச் சொல்லுங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்பினால், மெதுவாகப் போட்டுப் பார்க்கலாம்.

ரயிலில் கூட்டிப் போகிறவர்கள், வண்டி நிற்கும் ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டைப் பார்த்து வர வேண்டும். தப்பிவிட்டால் உடனே ரயில்வே பாதுகாப்புப் படையினரிடம் சொல்லுங்கள். ரயில்வே உதவி எண் 139.

கடி பட்டால் அலட்சியம் வேண்டாம்

தேடும்போது எந்த நாய் கடித்தாலும், சொந்த நாயே கடித்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் வந்தபின் பிழைப்பது அநேகமாக இல்லை. வருமுன் தடுப்பது நிச்சயம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைப்பதெல்லாம் உயிரோடு விளையாடுவதாகும்.

பல நாள் அலைந்து திரும்பிய நாயையும் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். உடம்பில் கடிக்காயம் இருந்தால், முன்பு ஊசி போட்டிருந்தாலும் மீண்டும் போட வேண்டும்.

வருமுன் காப்போம்

ஒரு பட்டை, அதில் போன் நம்பர் எழுதிய ஒரு தகடு. செலவு சொற்பம்; பலன் பெரிது. வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் எடுப்பதும் விதி. வசதி உள்ளவர்கள் அரிசி மணி அளவுள்ள சிப்பைத் தோலுக்கு அடியில் பொருத்துகிறார்கள். அது நாய் இருக்கும் இடத்தைக் காட்டாது. கருவி வைத்துப் படித்தால் அதில் உள்ள எண்ணைக் கொண்டு சொந்தக்காரர் யார் என்பது தெரியவரும், அவ்வளவுதான். தீபாவளியன்று மாலை ஆறு மணிக்கே நாயை உள்ளே கட்டி, ஜன்னலை மூடி, பக்கத்தில் ஒருவர் இருந்தால் பாதி ஆபத்து நீங்கியது.

டெம்போவின் அடியில்...

தொடக்கத்தில் பார்த்த அந்த வீட்டில் என்ன நடந்திருக்கலாம்?

விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா எழுகிறார். தூக்கமே வரவில்லை என்பதுதான் உண்மை. பத்து வருஷமாகப் பார்த்தும் பேசாத வாச்மேனிடம் முதல் தடவையாகப் போய்க் கேட்கிறார். "பன்னிரண்டு மணிக்கு ஒரு நாய் அந்த டெம்போ பக்கம் போச்சு" என்று வாச்மேன் கை காட்டுகிறார். ஆறாவது வீடு. இருநூறு அடி தூரம்கூட இல்லை. பிள்ளைகள் அந்த டெம்போவைத் தாண்டித்தான் சயானுக்கு ஓடினார்கள்!

டார்ச்சு வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னுகின்றன. அப்பா தரையில் உட்கார்கிறார். ஆபீசுக்குப் போகும் கால்சட்டை அழுக்காகிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஏலே வீரா... நான்தாம்லே. வீட்டுக்குப் போவமா?"

இருட்டில் மெதுவாக ஒரு வால் ஆடும் சத்தம் கேட்கிறது.